‘தேய்’ என்ற சொல்லின் பொருளும் வேரும்: தேடிக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

குறைந்துபோவதைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தேய்வு, நலிவு, வீழ்ச்சி, சரிவு, தாழ்வு, மெலிவு, குன்றல், அருகல் என்று அடுக்கலாம். இவற்றுள் ‘தேய்’ ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பொருள்களைத் திரட்டுவது, ஒலியால் மட்டும் ஒத்த சொற்களை விலக்குவது, மூலத்தை எவ்வளவு தூரம் துணிந்து சொல்லலாம் என்று முடிவு செய்வது ஆகிய வேலைகள் இங்கே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. வேறு சொல்லை ஆய்பவரும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

புதிதாகச் சொல்லாய்வில் இறங்குபவர்கள் இடறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதல் நாளே வேரைத் தேடிப் போய்விடுகிறார்கள். ஒரு வேர் மனத்தில் உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பொருந்தும் சான்று மட்டுமே கண்ணில் படும். அதனால் இந்த வழிகாட்டியில் வேர் மிகவும் பின்னால் வருகிறது.

1. தொடங்கும் முன் வேண்டியவை

ஐந்து வகை நூல்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முதலாவது தற்கால வழக்குக்கான அகராதி. 1992-இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதற்குப் போதும். இரண்டாவது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் பின்னிணைப்பாகவும் வந்தது. மூன்றாவது பழைய அகராதிகளும், சொற்பொருளைச் செய்யுளில் தரும் நிகண்டுகளும்: வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி (1862), வீரமாமுனிவரின் சதுரகராதி (1732), சூடாமணி நிகண்டு.

நான்காவது, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி. இதில் 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பையே எடுங்கள். 1961 பதிப்பின் பதிவு எண்கள் வேறு, இரண்டாம் பதிப்பின் எண்கள் வேறு. எண்ணைக் குறிக்கும்போது பதிப்பையும் குறிக்காவிட்டால் படிப்பவர் தவறான பதிவுக்குப் போய்ச் சேருவார். ஐந்தாவது, தேடக்கூடிய இலக்கிய மூலங்கள். மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் சங்க நூல்களும் குறளும் கிடைக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் சென்னைப் பேரகராதியையும் பரோ–எமனோவையும் இலவசமாகத் தேடலாம்.

தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும் முறையையும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். நெடிலுக்கு மேலே கோடு வரும். கோட்டை விட்டுவிட்டால் ‘தேய்’ என்பது ‘தெய்’ ஆகிவிடும். ழகரத்துக்குச் சென்னைப் பேரகராதியும் பரோ–எமனோவும் வேறு வேறு எழுத்தை ஆளுகின்றன. ஒன்றில் தேடிய வடிவத்தை அப்படியே மற்றதில் இட்டுவிட்டு ‘சொல் இல்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம்.

2. சொல்லின் அடியைப் பிரித்தெடுங்கள்

பெயரிலிருந்து தொடங்கக் கூடாது, வினையடியிலிருந்து தொடங்க வேண்டும். தேய்வு, தேய்மானம், தேய்பிறை, தேய்ப்பு, தேய்வழக்கு ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னே நிற்பது ‘தேய்’. ‘தேய்மானம்’ என்பதை அப்படியே ஆயப் புகுந்தால் பின்னொட்டின் வரலாறும் சொல்லின் வரலாறும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தேய்வு என்பதில் ‘வு’ தொழிற்பெயர் விகுதி. ஓய்வு, சாய்வு, ஆய்வு எல்லாம் இதே அமைப்புதான். தேய்மானத்தில் வரும் ‘மானம்’ வருமானம், கட்டுமானம், பெறுமானம், செரிமானம் ஆகியவற்றிலும் வருகிறது. தன்மானத்தில் உள்ள மானத்தை இதில் ஏற்றிப் பொருள் சொல்லிவிடாதீர்கள். விகுதியைத் தனித்தாளில் குறித்து ஒதுக்கிவிட்டு அடியோடு மேலே செல்லுங்கள்.

அடுத்து, அடி எப்படித் திரிகிறது என்று பாருங்கள். தேய்ந்தது, தேயும் என்பது ஒரு வரிசை. தேய்த்தது, தேய்க்கும் என்பது இன்னொரு வரிசை. முதலாவது தானே நிகழ்வது, இரண்டாவது ஒருவர் செய்வது. சென்னைப் பேரகராதி இவற்றைத் தேய்-தல் என்றும் தேய்-த்தல் என்றும் தனித்தனித் தலைச்சொல்லாகத் தரும். பக்கத்தில் உள்ள 4, 11 என்ற எண்கள் வினைத்திரிபின் வகையைக் காட்டுபவை. அவற்றைப் பொருள்களின் எண்ணிக்கை என்று எண்ணிக் குழம்புபவர்களும் உண்டு. இரண்டு தலைச்சொல்லையும் படிக்காவிட்டால் பாதிப் பொருள் கைவிட்டுப் போகும்.

3. அகராதிக்கு முன் வாழும் வழக்கைத் திரட்டுங்கள்

ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ‘தேய்ந்தது’ வரும் தொடர்களையும் வலப்பக்கம் ‘தேய்த்தது’ வரும் தொடர்களையும் எழுதுங்கள். பக்கத்துக்குப் பத்துத் தொடராவது சேரட்டும். அகராதியைத் திறந்த பிறகு இதைச் செய்தால் அகராதி சொன்ன பொருளுக்கே எடுத்துக்காட்டுத் தேடுவோம், விட்டுப்போனது தெரியாது.

இடப்பக்கம் வருபவை: டயர் தேய்ந்தது, செருப்புத் தேய நடந்தான், நிலவு தேய்கிறது, மூட்டு தேய்ந்துவிட்டது, கவலையில் ஆள் தேய்ந்துபோனான், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. வலப்பக்கம்: பல் தேய்த்தான், பாத்திரம் தேய்த்தாள், துணி தேய்க்கக் கொடுத்தோம், தலைக்கு எண்ணெய் தேய்த்தாள், சந்தனம் தேய்த்தார்கள்.

இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உடனே தெரியும். இடப்பக்கத்தில் எப்போதும் ஏதோ ஒன்று குறைகிறது. வலப்பக்கத்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. எண்ணெய் தேய்த்தால் தலை குறைவதில்லை. துணி தேய்த்தால் சுருக்கம் போகிறது, துணி அப்படியே இருக்கிறது. அங்கே நடப்பது உராய்வு மட்டுமே. இந்தக் குறிப்பை வட்டமிட்டு வையுங்கள், எட்டாம் படியில் இதுதான் முதன்மைச் சான்றாகப் போகிறது.

பேச்சு வடிவங்களையும் அப்படியே எழுதுங்கள்: தேஞ்சுபோச்சு, தேச்சு விட்டாள். ‘ய்ந்த’ என்பது ‘ஞ்ச’ ஆவதும் ‘ய்த்த’ என்பது ‘ச்ச’ ஆவதும் இனமொழி ஒப்பீட்டில் உதவும்.

4. அகராதிகளைப் புதியதிலிருந்து பழையதாகப் படியுங்கள்

க்ரியாவில் தொடங்கிச் சென்னைப் பேரகராதி, வின்சுலோ, சதுரகராதி என்று பின்னோக்கிப் போக வேண்டும். இன்றைக்குத் தெரிந்த பொருளிலிருந்து ஒவ்வொன்றாக விலகிப் போகும்போதுதான் எந்தப் பொருள் எங்கே புதிதாகத் தலைகாட்டுகிறது, எது வழக்கொழிந்தது என்பது தெரியும்.

சென்னைப் பேரகராதியில் உராய்ந்து குறைதல், சிறுத்தல், மெலிதல், வலியிழத்தல், அழிதல் என்ற அளவில் பொருள்கள் விரியும். இங்கே மிகப் பரவலான பிழை ஒன்று நேர்கிறது. பொருள்களுக்கு இட்டிருக்கும் வரிசை எண்ணைக் கால வரிசை என்று கொள்கிறார்கள். அந்த அகராதி பொருள்களைக் காலமுறைப்படி அடுக்கியதல்ல. முதலில் வரும் பொருள் மிகப் பழையது என்று அதை வைத்து வாதாட முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் தரப்பட்டிருக்கும் மேற்கோளைப் பாருங்கள், அந்த மேற்கோளின் நூல்தான் காலத்துக்குச் சாட்சி. மேற்கோள் இல்லாத பொருளுக்குத் தாளில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

நிகண்டுகளில் தேடும் முறை வேறு. அவை பொருள்வாரியாக அடுக்கப்பட்ட செய்யுள் நூல்கள். சூடாமணி நிகண்டில் பண்பு பற்றிய 8-ஆம் தொகுதி, செயல் பற்றிய 9-ஆம் தொகுதி, ஒரு சொல் பல்பொருள் பற்றிய 11-ஆம் தொகுதி ஆகிய மூன்றையும் புரட்டினால் போதும். அங்கே ‘தேய்’ என்று தேடுவதைவிட, குறைதல், மெலிதல், சிறுமை என்ற பொருளின் கீழ் எந்தெந்தச் சொற்கள் வருகின்றன என்று பார்ப்பதே பயன் தரும்.

தொல்காப்பியத்தில் உரிச்சொற்களை விளக்கும் இயலான உரியியலையும் ஒருமுறை படித்துவிடுங்கள். “ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் / ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்” என்று ஒரு நூற்பா உண்டு. உள்ளது நுணுகிக் குறைவதற்கு நான்கு சொற்கள். அந்தப் பட்டியலில் ‘தேய்’ இல்லை. இதைப் பார்த்துவிட்டுத் ‘தேய் பிற்காலச் சொல்’ என்று எழுதிவிடக் கூடாது. “வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா” என்று அதே உரியியல் சொல்கிறது. எல்லாருக்கும் விளங்கும் சொல்லை அங்கே விளக்க வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாமை எதற்கும் சான்றாகாது.

5. இலக்கியத்தில் தேடுங்கள், முழுப் பாட்டையும் படியுங்கள்

உழைப்பில் பெரும்பகுதி இங்கே செலவாக வேண்டும். தேடும் முன், மூலப் பாடம் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். சீர் பிரித்த பாடத்தில் சொல் நடுவே வெட்டுப்படும். 555-ஆம் குறளைச் சீர் பிரித்துப் பதித்தால் “அல்லற்பட் டாற்றா தழுதகண் ணீரன்றே / செல்வத்தைத் தேய்க்கும் படை” என்று வரும். இதில் ‘கண்ணீர்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

புணர்ச்சியும் முதலெழுத்தை மாற்றிவிடும். நாள்+தேய என்பது நாடேய ஆகும், பொன்+தேய என்பது பொன்றேய ஆகும், பல்+தேய்த்து என்பது பற்றேய்த்து ஆகும். ஆகவே தேய், தேய, தேயு என்பவற்றோடு டேய், டேய, றேய், றேய என்பவற்றையும் தேட வேண்டும். தேவையற்றவை நிறைய வந்து விழும், பொறுமையாகக் கழித்துவிடுங்கள். சந்தி பிரித்த பதிப்பு ஒன்றும் பிரிக்காத பதிப்பு ஒன்றும் கையில் இருந்தால் வேலை பாதியாகும்.

கிடைத்த வரியை மட்டும் வெட்டி எடுத்துக் குறிக்காதீர்கள். எது தேய்கிறது, எது தேய்க்கிறது, எதிர்ச்சொல் என்ன, பாட்டு எங்கே முடிகிறது என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். இந்த நான்கும் எப்படிப் பயன் தருகின்றன என்பதற்குச் சில இடங்கள்.

நற்றிணை 284. பொருள் தேடிப் போன இடத்தில் தலைவன் நினைக்கிறான். நெஞ்சு அவளிடம் திரும்பு என்கிறது, அறிவு வேலையை முடி என்கிறது. நடுவில் அகப்பட்ட உடம்பு, இரு யானைகள் எதிரெதிராகப் பற்றி இழுக்கும் “தேய்புரிப் பழங்கயிறு போல / வீவதுகொல்” என்று கேட்கிறான். இந்தத் தொடராலேயே பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் பெற்றார். இங்கே இரண்டு வினைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். கயிற்றின் புரி தேய்ந்திருக்கிறது, ஆனால் கயிறு இன்னும் அறவில்லை. ‘வீதல்’ என்ற அழிவு இனிமேல்தான் வரக்கூடும். தேய்தல் அழிவுக்கு முந்திய நிலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் கிடைப்பது அரிது.

குறள் 888. “அரம்பொருத பொன்போலத் தேயும் உரம்பொருது / உட்பகை உற்ற குடி.” ஒரு குடியின் தாழ்வைச் சொல்ல வந்த இடம். பழந்தமிழில் ‘பொன்’ பொதுவாக உலோகத்தையும் குறிக்கும் என்பதால் இங்கே இரும்பு என்று கொள்பவரும் உண்டு. எதுவாயினும் அரம் அராவுவதும் குடி நலிவதும் ஒரே ‘தேயும்’ என்ற வினையில் வந்து கூடுகின்றன. பருப்பொருளிலிருந்து கருத்துப்பொருளுக்குச் சொல் கடந்து போவதற்கு இத்தகைய இடத்தையே பாலச் சான்றாகக் கொள்ள வேண்டும்.

குறள் 567 இன்னொரு பாலம். கடுஞ்சொல்லும் வரம்பு மீறிய தண்டனையும் “வேந்தன் / அடுமுரண் தேய்க்கும் அரம்”. 555-இல் துன்பப்பட்டவர் அழுத கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படை. இந்த மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் ஒன்று தென்படும். அரம், அரம், படை. குடியோ வலியோ செல்வமோ தேய்கிறது என்று சொல்லும்போதெல்லாம் தேய்க்கும் கருவியையும் புலவர் கூடவே வைக்கிறார். அருவமான தாழ்வைச் சொல்லும் இடத்திலும் உராய்வு மறக்கப்படவில்லை. ‘தேய்’ சொல்லும் தாழ்வு, ஏதோ ஒன்று மேலே பட்டுப்பட்டு வரும் தாழ்வு.

குறள் 96: “அல்லவை தேய அறம்பெருகும்.” எதிர்ச்சொல் பெருகுதல். நாலடியாரில் பெரியவர் நட்பு பிறைபோல ‘நந்தும்’ (வளரும்), சிறியார் தொடர்போ “வானூர் மதியம்போல் வைகலும் தேயுமே”. எதிர்ச்சொல் நந்துதல். இன்றைய வழக்கில் வளர்பிறைக்கு எதிர் தேய்பிறை. மூன்று எதிர்ச்சொல்லும் படிப்படியாகக் கூடுவதைக் குறிப்பவை. ஆகவே தேய்தலும் படிப்படியாகக் குறைவதே என்று உறுதியாகச் சொல்லலாம். அகராதிப் பொருளைவிட எதிர்ச்சொல் தரும் சான்று வலுவானது.

நிலவு வரும் இடங்களைத் தனியே ஒதுக்குங்கள். அங்கே தேய்க்கும் கருவி எதுவும் இல்லை. வெறும் அளவுக் குறைவு மட்டுமே. இது ஒரு கிளைப்பொருள் என்பதற்கான அறிகுறி.

6. ஒலியால் மட்டும் ஒத்தவற்றை விலக்குங்கள்

தேயிலை: ‘தேய்’ + ‘இலை’ என்று பிரித்து, தேய்த்து உலர்த்திய இலை என்று விளக்கம் சொல்வதுண்டு. தவறு. இது ‘தே’ + ‘இலை’. தென்கிழக்குச் சீனத்தின் ஹொக்கியன் பேச்சில் இந்தப் பானத்துக்குத் ‘தே’ என்பது பெயர். கடல் வழியாகப் பரவிய அந்தச் சொல்லே சிங்களத்தில் ‘தே’ என்றும் இலங்கைத் தமிழரின் பேச்சில் ‘தேத்தண்ணி’ என்றும் நிற்கிறது. இடையில் வரும் யகரம் உடம்படுமெய்.

தேயம்: வடமொழி ‘தேசம்’ தமிழ் ஒலிக்கு இசைந்து வந்த வடிவம். தேயு: சைவ நூல்களில் அப்பு, தேயு, வாயு என்று வரும் இடத்தில் நெருப்பு, வடமொழித் ‘தேஜஸ்’ வழி வந்தது. ‘தேயு’ என்று இணையத்தில் தேடினால் இதுவும் ‘தேயும்’ என்ற வினைமுற்றும் கலந்தே வரும். வடமொழி ஐயம் எழுந்தால் மோனியர் வில்லியம்சின் சமஸ்கிருத–ஆங்கில அகராதியின் 1899 பதிப்பைப் பாருங்கள்.

இவற்றைக் காட்டிலும் நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. தேய், ஓய், சாய், ஆய், மாய் எல்லாம் குறைதலைச் சொல்கின்றன, எல்லாம் யகரத்தில் முடிகின்றன, எனவே யகரமே குறைவைக் குறிக்கும் உறுப்பு என்று தோன்றும். தோன்றியவுடன் மறுதலைச் சான்றைத் தேடுங்கள். பாய், மேய், வேய், தோய், காய் ஆகியவையும் யகரத்தில்தான் முடிகின்றன, குறைவு எங்கே? தனக்குப் பிடித்த ஐந்து சொல்லை மட்டும் அடுக்கி வேர் நிறுவும் வழக்கம் தமிழில் வேரூன்றிவிட்டது. அது சொல்லாய்வுக்குச் செய்யும் கேடு பெரிது. எதுகை உறவுக்குச் சான்றாகாது.

7. இனமொழிகளில் ஒப்பிடுங்கள்

பரோ–எமனோவில் தேய் என்ற பதிவை எடுத்து, மொழிவாரியாகப் படியுங்கள். தமிழ், மலையாளம் எனத் தெற்கிலிருந்து தொடங்கி வடக்கே குடுக்கு, மால்தோ, பிராகுயி என்று முடியும் வரிசை அது. அந்த நூல் தொல் வடிவத்தைக் கட்டியெழுப்பித் தராது, இனச்சொற்களைத் தொகுத்து வைக்கும் அளவோடு நிற்கும். ‘அகராதி மூலத்தைச் சொல்கிறது’ என்று அதை மேற்கோள் காட்டுவது பொருந்தாது.

மலையாளத்தில் ‘தேயுக’ தேய்தல், ‘தேய்க்குக’ தேய்த்தல். இறந்தகாலம் முறையே ‘தேஞ்ஞு’, ‘தேச்சு’. மூன்றாம் படியில் எழுதிவைத்த தேஞ்சு, தேச்சு என்ற தமிழ்ப் பேச்சு வடிவங்களை இவற்றின் பக்கத்தில் வையுங்கள். தானே நிகழ்வதும் ஒருவர் செய்வதும் என்ற இரட்டை அமைப்பு இரு மொழிக்கும் பொது என்பது தெளிவாகும். கன்னடத்தில் ‘தேயு’ முதன்மையாகச் சந்தனத்தைக் கல்லில் நீர் விட்டு இழைப்பதைச் சொல்வது. ‘கந்த தேயு’ என்பது இன்றும் வழங்கும் தொடர்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மலையாளத்திலும் ‘தேய்மானம்’ உண்டு என்பதால் அது தொல்திராவிடச் சொல் ஆகிவிடாது. அடி பொதுவாக இருக்கலாம், விகுதி சேர்ந்த முழுச்சொல் பின்னாளில் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் போயிருக்கலாம். ஒப்பீட்டுக்கு அடியை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டாவது, பொருள் ஒத்தால் மட்டும் போதாது. தெலுங்கில் உரசிக் குறைவதற்கு ‘அருகு’ என்ற வினை வழங்குகிறது. பொருள் அச்சாகத் தேய்தல்தான். ஆனால் ஒலி தேயோடு சேரவே சேராது. அதைத் தமிழ் ‘அருகு’ என்ற சொல்லை ஆயும்போது எடுத்துப் பாருங்கள், இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம்.

8. பொருள்களை ஏணியாக அடுக்கிச் சோதியுங்கள்

இதுவரை சேர்ந்த பொருள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். உராய்தல், உராய்ந்து குறைதல், அளவில் குறைதல், உடல் மெலிதல், வலியும் செல்வமும் குடியும் நலிதல். ஒவ்வொரு இரண்டு படிக்கும் நடுவில் இரு பொருளும் ஒருங்கே நிற்கும் ஒரு சான்று வேண்டும். இல்லாத இடத்தில் ‘ஊகம்’ என்று எழுதுங்கள்.

உராய்வுக்கும் குறைவுக்கும் நடுவே சந்தனம் தேய்ப்பது நிற்கிறது: உராய்வும் உண்டு, கட்டை குறைவதும் உண்டு. குறைவுக்கும் குடியின் நலிவுக்கும் நடுவே குறள் 888 நிற்கிறது. நிலவுக்கு அப்படி ஒரு பாலம் இல்லை. குறைவு என்ற பொருள் வந்த பிறகு அது நேரே ஒட்டியிருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம், ஊகம் என்றே குறியுங்கள்.

எது முதற்பொருள் என்பதற்கு வாதம் இப்படி அமையும். குறைதல் முதற்பொருளாக இருந்தால், குறைவே இல்லாத ‘எண்ணெய் தேய்த்தல்’ எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாது. உராய்தல் முதற்பொருள் என்றால், குறைவு அதன் விளைவாக எளிதில் பிறக்கும். கன்னட வழக்கும் உராய்வின் பக்கமே நிற்கிறது. ஆகவே உராய்தலே அடிப்பொருள் என்று கொள்வது பொருத்தம்.

அதற்குக் கீழே இறங்க முயலாதீர்கள். ‘தே’ ஏன் உராய்வைக் குறித்தது, ‘தீ’ என்பதோடு அதற்கு உறவுண்டா என்ற கேள்விகளுக்கு இனமொழிச் சான்று எட்டாது. “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா” என்பது தொல்காப்பிய உரியியல். சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்தவுடன் புலப்படாது. சான்று நிற்கும் இடத்தில் ஆய்வும் நிற்க வேண்டும்.

9. அண்டைச் சொற்களோடு எல்லை வகுங்கள்

தேயும் மற்றச் சொற்களும் எங்கே பிரிகின்றன என்று சொல்லாவிட்டால் பொருள் விளக்கம் முழுமையாகாது. ஒரே தொடரில் சொற்களை மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே எளிய சோதனை. ‘ஆட்சி வீழ்ந்தது’ என்றால் முடிந்தது. ‘ஆட்சி தேய்ந்தது’ என்றால் இன்னும் இருக்கிறது, ஆனால் பழைய அளவில் இல்லை. ‘அரிய பறவைகள் அருகிவிட்டன’ என்பது எண்ணிக்கை பற்றியது, அங்கே ‘தேய்ந்துவிட்டன’ பொருந்தாது. ‘நலிந்த ஆலை’ என்பதில் துன்பமும் சேர்ந்திருக்கிறது, ‘தேய்ந்த பல்சக்கரம்’ என்பதில் துன்பம் இல்லை.

‘குன்று’ தனிக் கவனம் கேட்கிறது. இருக்க வேண்டிய அளவிலிருந்து குறைவதே குன்றுதல். “குன்றின் அனையாரும் குன்றுவர் குன்றுவ / குன்றி அனைய செயின்” (965) என்ற குறளில் மலை, தாழ்தல், குன்றிமணி மூன்றும் ஒலியால் ஒன்றாக வருகின்றன. மலைக்கும் தாழ்தலுக்கும் வேர் ஒன்று என்பதற்கு இந்தக் குறளைச் சான்றாக்குவது தவறு. வெவ்வேறு சொற்கள் ஒலியில் ஒத்திருப்பதுதான் இந்தக் குறளின் அழகுக்கே காரணம்.

10. பதிவை எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் சான்றின் இடம், சான்று இல்லையேல் ‘ஊகம்’ அல்லது ‘இன்றைய வழக்கு’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். சங்க நூல்களுக்குக் காலம் எழுதும்போது நூற்றாண்டைத் துணிந்து எழுதாமல், நூலின் பெயரையும் பாட்டு எண்ணையும் மட்டும் தாருங்கள். காலக் கணிப்பு மாறினாலும் அந்தக் குறிப்பு பழுதாகாது. தேய்க்கான பதிவு இப்படி அமையலாம்:

தேய் (வினையடி). தேய்ந்தது, தேய்த்தது என இருவகைத் திரிபு.
அடிப்பொருள்: உராய்தல், உரசுதல். எண்ணெய் தேய்த்தல், இன்றைய வழக்கு. ஒப்பிடுக: கன்னடம் தேயு, மலையாளம் தேய்க்குக.
கிளை 1: உராய்ந்து குறைதல். நற்றிணை 284.
கிளை 2: குடி, வலி, செல்வம் தேய்க்கப்பட்டு நலிதல். குறள் 555, 567, 888.
கிளை 3: கருவியின்றி அளவில் குறைதல். குறள் 96. நிலவுக்கு: நாலடியார். கிளை 1-இலிருந்து வந்தது என்பது ஊகம்.
கிளை 4: உடல் மெலிதல். இன்றைய வழக்கு. பழைய சான்று தேடப்பட வேண்டும்.
வழிச்சொற்கள்: தேய்வு, தேய்பிறை, தேய்மானம், தேய்வழக்கு.
உறவில்லாதவை: தேயிலை, தேயம், தேயு (நெருப்பு).
எதிர்ச்சொற்கள்: பெருகு, நந்து, வளர்.